துவாதசியன்று ஒரு பிடி துளசி

— எத்தனை தடவைதான் கை அலம்புவேள்? நான் வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே குழாய் ஓடிண்டிருந்தது. இன்னும் ஓடறது.

— வந்துட்டியா ரெங்கு? இந்த சோப்பு சரியில்லை. நுரைதான் வரதே தவிர ஒண்ணும் போக மாட்டேங்கறது.

— நேத்துதான் புதுசு பிரிச்சு வெச்சேன், அதையும் குத்தம் சொல்லுங்கோ. இதென்ன, தளிகை பண்ணி மூடி வெச்சது வெச்சபடி இருக்கு? நேத்து ஏகாதசின்னு பூராப் பட்டினி. துவாதசியும் அதுவுமா இன்னும் பாரணை பண்ணாம உக்காந்திருக்கேள். அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் சுவத்துக்கா பண்ணினேன்?

— இந்தக் கையோட எப்படிச் சாப்பிடறது? கொஞ்சம் ஆகட்டும்.

— கைக்கு என்ன?

— ஒண்ணும் இல்லைடி. கோவில்ல கூட்டமா? பெருமாளை நன்னா சேவிச்சியா?

— சேவிச்சேன், சேவிச்சேன். அங்க நின்னுண்டிருக்கறப்பதான் ஒண்ணு தோணித்து. அதைச் சொல்லத்தான் ஓட்டமும் நடையுமா வந்தேன். பட்டர் கிட்ட சொல்லிக்கக்கூட இல்லை. இப்படி வந்து உக்காருங்கோ.

— நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் ரெங்கு. நீ போனப்புறம் இங்க—

— முதல்ல நான் சொல்லி முடிச்சுடறேன். இல்லேன்னா தைரியம் போயிடும். மாடில நம்மாத்து மாட்டுப்பொண்ணு மாலின்னு ஒருத்தி படுத்திருக்கா, ஞாபகம் இருக்கா?

— இருக்காம என்ன.

— ஏழு மாசக் கர்ப்பம். அங்க தாய்லாந்துல பெத்த தாயார் போயிட்டா. ஃப்ளைட்ல ஏறக்கூடாது, படி இறங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டா. அம்மா முகத்தைக் கடைசியாப் பார்க்கக்கூட முடியலை அந்தக் குழந்தையால. அவளுக்குப் பதிலா உங்க பிள்ளைதான்... சரி, சரி, புருவத்தைத் தூக்காதேங்கோ. உங்க பிள்ளைன்னு சொன்னா 'உன் பிள்ளைன்னு சொல்லு'ன்னு திருத்துவேள். என் பிள்ளை. என் பிள்ளை ஸ்ரீதர்தான் போய் எல்லாக் காரியமும் பண்ணிண்டிருக்கான்.

— இப்ப நான் ஒண்ணும் சொல்லலையே.

— நீங்க அவனோட பேசித்தான் மூணு வருஷம் ஆச்சே. ஒரே ஆத்துல இருந்துண்டு, காபி வேணுமான்னு கேக்கக்கூட நடுவுல நான். அதை விடுங்கோ. மாலி சாப்பிடலை. தயிர்சாதத்தை எடுத்துண்டு போனா ஒரு வாய் வெச்சுண்டு, போறும்மாங்கறா. குழந்தை எடை ஏறலைன்னு டாக்டரம்மா கோச்சுக்கறா. கன்னமெல்லாம் ஒட்டிப் போயிடுத்து. பார்த்துண்டு எப்படிச் சும்மா இருக்கறது?

— நான் மட்டும் பார்த்துண்டு இருப்பேனா? அதான் நான் கார்த்தால—

— குறுக்கப் பேசாதேங்கோ. அவ அம்மா அங்க ரோட்டோரமாக் கடை வெச்சிருந்தாளோல்லியோ. தினம் அந்தக் கடைல ஒரே பண்டம்தானாம். மிளகாயையும் பூண்டையும் நசுக்கிப் போட்டு வதக்கி, கடைசில ஒரு பிடி இலையைப் போட்டுப் பிரட்டி, சாதத்து மேல போட்டுத் தருவாளாம். இவ ஸ்கூல் விட்டு வந்ததும் அதுதான். போனவாளுக்குப் பிடிச்சதைப் பண்ணி வெச்சு, அப்புறம் தானும் சாப்பிடறது அவா வழக்கமாம்.

— நம்மாத்து ஸ்ராத்தம் மாதிரிதான்.

— அதேதான். நீங்களே சொல்லிட்டேள், இருங்கோ, அதுக்கு வரேன். என்ன இலைடான்னு போன்ல ஸ்ரீதரைக் கேட்டேன். பேஸில்னான். பேஸில்னா என்னடான்னேன். பேஸில்னா பேஸில்தாம்மா, ஹோலி பேஸில்னான். அதுக்குள்ள பிக்ஷுக்கள் வந்துட்டான்னு போனை வெச்சுட்டான்.

— இங்கிலீஷ்காரனுக்கு என்ன? எல்லாத்துக்கும் ஒரே போர்டு மாட்டிடுவான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல நாங்க அப்படியா? ஒவ்வொரு நட்டுக்கும் தனிப் பேரு.

— தாய்லாந்துக்காராளும் உங்க ஒர்க்‌ஷாப் மாதிரிதான். தனித்தனிப் பேர் வெச்சிருக்கா. லால்குடிலேர்ந்து கீரை கொண்டு வராளே வெள்ளையம்மாள், அவகிட்ட சொல்லித் திருநீற்றுப்பச்சிலை வாங்கிண்டு போனேன். மாலி முகர்ந்து பார்த்தா. சிரிச்சா. 'ஹோரபாம்மா'ன்னா. குழம்புல போடற இலையாம். சோம்பு வாசனை அடிச்சுது. அது இல்லை.

— அதோட விதைதானே சப்ஜா? ரோஸ் மில்க்ல மிதக்குமே.

— அந்த விதையை அவா வேற ஒண்ணுலேர்ந்து எடுக்கறாளாம். முந்தாநாள் ரெண்டு பஸ் மாறி கே.கே. நகர் நர்சரிக்குப் போனேனே, அங்க எலுமிச்சம்பழ வாசனையோட ஒரு தொட்டி கிடைச்சுது. அதைப் பார்த்தும் சிரிச்சா. 'மெங்லாக்'ன்னா. இதோட விதைதாம்மா ஜலத்துல ஊறினா வழவழன்னு ஆகும்னா. இதுவும் இல்லை. மூணாவது ஒண்ணு இருக்கே, 'கப்ராவ்', அது எப்படிம்மா இருக்கும்னு கேட்டா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கறா. வேண்டாம்மா, இங்க கிடைக்காதுங்கறா.

— கிடைக்காதுன்னா சொன்னா?

— ஆமாம். நானும் அசடு மாதிரி நம்பிட்டேன். இன்னிக்குக் கார்த்தால தீர்த்தம் வாங்கிண்டு கையை நீட்டறேன், பட்டர் திருத்துழாய் குடுக்கறார். சித்திரை வெயில், கை வேர்வை, இலை கசங்கிடுத்து. கிராம்பும் மிளகும் கலந்தாப்ல ஒரு வாசனை. ஏன்னா, எத்தனை வருஷமா அதைக் கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுண்டிருக்கேன்! சமையல் வாசனைன்னு ஒரு நாளும் தோணினதில்லை. இன்னிக்குத் தோணித்து. உடனே மாலி ஞாபகம் வந்துது. டாக்டர் படி இறங்கக்கூடாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, தினம் விடியக்காலம் கீழ வந்து துளசி மாடத்துக்கிட்ட உக்காருவாளே...

— கண்ணை மூடிண்டு.

— நீங்ககூட உத்தர வீதி பூராச் சொல்லிண்டு திரிஞ்சேள். 'மாட்டுப்பொண்ணைப் பாருங்கோ ஓய், நம்மாத்துப் பொண்ணுகளுக்கே இல்லாத பக்தி'ன்னு. அது பக்தி இல்லை. அந்தக் கப்ராவ் நம்ம துளசிதான். அம்மா ஞாபகம். அடுக்களை வாசனை. மாடத்துக்கிட்ட உக்காந்து அவ அம்மாவை முகர்ந்திண்டிருந்திருக்கா.

— அதுவும் பக்திதான் ரெங்கு.

— நீங்களா பேசறேள்? சரி, இந்த மூடு மாறறதுக்குள்ள கேட்டுடறேன். எனக்கு ஒரு பிடி திருத்துழாய் வேணும். வதக்கறதுக்கு.

— இன்னிக்குத் துவாதசி. செடில கை வைக்கப்படாது. உயிர் போனாலும் வைக்க மாட்டேன். ஆனா—

— தெரியுமே! இதைத்தான் சொல்வேள்னு வழியெல்லாம் நினைச்சுண்டே வந்தேன். மத்த நாள்லயும் பொம்மனாட்டி பறிக்கப்படாது, நீங்கதான் பறிக்கணும். துவாதசின்னா நீங்களும் பறிக்கப்படாது. ஒத்துக்கறேன். செடிகிட்ட யார் போனா? நேத்துக் கார்த்தாலயே இன்னிக்குத் திருவாராதனத்துக்கும் சேர்த்துப் பறிச்சு, வாழை இலைல சுத்திக் குடலைல வெச்சேளே, அதுல பாதி குடுங்கோ. பெருமாளுக்குப் பாதி, மாலிக்குப் பாதி.

— அதைத்தாண்டி நான் அப்போலேர்ந்து—

— பெருமாளுக்குன்னு எடுத்து வெச்சதை எண்ணெய்ல போடறதாம்பேள். பூண்டோட சேர்த்தான்னு கேப்பேள். எல்லாம் யோசிச்சுட்டேன். நம்ம அடுப்பு வேண்டாம். மாடில அவா ரெண்டு பேரும் காபி போட்டுக்கற கரண்ட் அடுப்பு இருக்கு. வாணலி வேற. மாமிசம் வேண்டாம், முட்டை வேண்டாம்னு அவளே நம்மாத்துக்கு வந்த அன்னிக்கே விட்டுட்டா. காளானும் பீன்ஸும் போட்டுப் பண்ணிக்கட்டும். இந்தப் பூண்டு ஒண்ணுதான். கடைல போய் வாங்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. உரிக்கவும் தெரியாது.

— கூச்சம்கூடப் போயிடும். உரிக்கறதுதான் பெரிய ரோதனை. தோல் நகத்துக்குள்ள போய் உக்காந்துக்கறது.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும், விடு. துளசில எது கேட்டா, வெள்ளையா கறுப்பா?

— அதுல வேற பிரிவு உண்டா?

— உண்டு. வெள்ளைத் துளசில காரம் கம்மி. அவ அம்மா கடைல செவப்புத் தண்டுதான் போடுவாளாம். நம்ம மாடத்துல நிக்கறதே கிருஷ்ண துளசி, அதுக்குச் சரியா வரும். காம்பைக் கிள்ளிட்டு இலையை மட்டும் போடணும். அடுப்பை அணைச்சப்புறம்தான் போடணும், இல்லேன்னா கறுத்துப் போயிடும்.

— இதெல்லாம் எனக்கே தெரியாதே! பேச்சை மாத்தப் பார்க்கறேள். பாதி குடுக்க முடியுமா, முடியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ. உங்களைக் கல்யாணம் பண்ணிண்டு வந்த நாள்லேர்ந்து இந்தாத்து ஆசாரத்துல ஒரு இழை பிசகினதில்லை நான். இன்னிக்கு ஒரு நாள் கேக்கறேன். அந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்பிட்டா எனக்குப் போறும்.

— ரெங்கு, அழறியா என்ன? இங்க பாரு...

— நான் ஒண்ணும் அழலை. நீங்க குடுக்க வேண்டாம், நானே போய் எடுத்துக்கறேன். பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.

— போய்ப் பாரேன்.

— ஏன்னா!

— என்ன?

— குடலை காலியா இருக்கே! வாழை இலை மட்டும்னா கிடக்கு. பெருமாள் திருவடியிலயும் துளசியைக் காணும். வெறும் நந்தியாவட்டைதான் இருக்கு. துவாதசியன்னிக்குப் பெருமாளுக்குத் துளசி சாத்தலையா நீங்க?

— சத்தம் போடாதே. மாடில கேக்கப் போறது.

— அம்மா!

— பார்த்தேளா, கேட்டுடுத்து. ஏண்டி மாலி, மாடிப்படிக்கு வந்துட்டியா? இறங்காதே! கைப்பிடியைப் பிடிச்சுண்டு அங்கேயே நில்லு!

— இறங்கலைம்மா. இங்கதான் நிக்கறேன். அம்மா, நான் சாப்ட்டேன்.

— என்ன சாப்ட்டே? தயிர்சாதமா?

— கப்ராவ். நான் பண்ணினேன். நிக்கலை, நாற்காலில உக்காந்து பண்ணினேன். முதல்ல எங்கம்மா போட்டோ முன்னாடி வெச்சேன். அப்புறம் நான். நிறையச் சாப்ட்டேன். பாப்பா இப்ப உதைக்கறா.

— ரங்கா, ரங்கா... யாருடி குடுத்தா உனக்கு அதெல்லாம்?

— அப்பா. இலை குடுத்தார். பூண்டு உரிச்சார். எனக்கு நாலு பல் போறும். அப்பா பை முழுக்க உரிச்சுட்டார்.

— ஏன்னா, பூண்டா? நீங்களா?

— ஒரு பல்லுன்னா எவ்வளவுன்னு எனக்கு என்ன தெரியும்? கடைக்காரன்கிட்ட கால் கிலோன்னேன். அவன் என் திருமண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடியும் திருமண்ணைப் பார்த்தான். பேசாமக் கட்டிக் குடுத்துட்டான்.

— அதான் குழாய் அந்த ஓட்டம் ஓடித்தா!

— நாலு தடவை சோப்புப் போட்டாச்சு. முகர்ந்து பாரு, போகவே இல்லை. இந்தக் கையால எப்படிப் பாரணை பண்ணுவேன்?

— இவ்வளவு நேரம் சொல்லாம வாயில என்ன கொழுக்கட்டையா?

— நீ எங்கடி பேச விட்டே?

— பெருமாள்கிட்ட என்ன சொன்னேள்?

— தாயில்லாத குழந்தை ஒண்ணு மாடில பட்டினி கிடக்கு, இன்னிக்கு ஒரு நாள் நந்தியாவட்டையோட பொறுத்துக்கோன்னேன். குடலையோட எடுத்துண்டு மேல போனேன். அவ வாங்கிக்க மாட்டேன்னு ரெண்டு கையையும் பின்னால கட்டிண்டுட்டா. அப்பா, அது சாமி இலை, சமைச்சாத் தப்புன்னா. அவளுக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும் ரெங்கு, மாடத்துல இருக்கறது என்னன்னு. நம்ம மனசு நோகப் போறதேன்னுதான் கிடைக்காதுன்னு சொல்லியிருக்கா.

— அடி என் கண்ணே...

— பெருமாள் குடுத்தனுப்பினார், பிரசாதம்மா, வேண்டாம்னு சொல்லப்படாதுன்னேன். அப்புறம்தான் கையை நீட்டினா.

— நான் சன்னிதில நின்னுண்டு கண்டுபிடிச்சதை நீங்க ஆத்துல உக்காந்துண்டு கண்டுபிடிச்சுட்டேளே! செவப்புத் தண்டு, காம்பு கிள்ளறது, அடுப்பை அணைச்சப்புறம் போடறது, இதெல்லாம் மாலியா சொன்னா?

— அவ எங்க சொன்னா. இலையை வாங்கிக்கவே மாட்டேன்னவளாச்சே. நீ வாசல் தாண்டினதுமே போன் பண்ணிக் கேட்டுட்டேன்.

— போனா? யாருக்கு? உங்களுக்கு யாரைத் தெரியும் அந்தப் பண்டமெல்லாம் பண்ணத் தெரிஞ்சவாளை?

— வேற யாரைடி கேப்பேன்? என் பிள்ளையைத்தான்.