இரண்டாவது சாவி

சனிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அன்று போனதுமே கிடைத்தது. வண்டிக்குள் நிதானமாக உட்கார்ந்துதான் போனை எடுத்தேன். பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியாக் குழாய்களை இயக்கும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. மின்னணு முத்திரை உள்ள கட்டளையை மட்டுமே அது ஏற்கும். வெளியாள் யாரும் இணையம் வழியாகப் புகுந்து வால்வைத் திறந்துவிடக் கூடாதல்லவா. முத்திரைக்கு விரல் நீளச் சாவிகள் இரண்டு வேண்டும். ஒன்று கிடங்கில் மேலாளர் சேகரிடம் இருக்கும். மற்றது வெளியே என்னிடம், மடிக்கணினியில் செருகினால் போதும். இதையெல்லாம் வடிவமைத்தவள் நான்.

வாயுவை வெளியேற்றும் அவசர விசிறிக்கு மட்டும் முத்திரை வேண்டாம் என்றேன். சேகர் கூட்டத்தில் சிரித்தார். "மிருணாளினி, வீட்டைப் பூட்டிட்டு பின்வாசலைத் திறந்து வைப்பீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விசிறிக்கும் இரண்டு சாவி என்று முடிவாயிற்று. பராமரிப்பு வேலை பார்க்கும் விவேக் மட்டும் சிரிக்கவில்லை. அப்புறம் சேகர் மெல்பர்ன் மாநாட்டில் என் வடிவமைப்பைத் தன்னுடையதென்று பேசிவிட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அன்று கோயில் வாசலில் நான் எடுத்த போனில் விவேக். கிடங்குக்குள் வாயு கசிகிறதாம், கதவுப் பக்கம் போக முடியவில்லையாம். விசிறியை ஓட்ட சேகர் தன் சாவியைப் போட்டுவிட்டாராம்.

"அக்கா, உங்க சாவியப் போடுங்க. மூச்சு முட்டுது."

சாவி என் கையில்தான் இருந்தது. சேகரின் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஊருக்குத் தெரிய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது.

"போட்டுட்டேன். அங்கேயே இரு," என்றேன்.

பின்பக்க ஏணியில் ஏறி அவன் தப்பியிருக்கலாம். இருக்கச் சொன்னேன், இருந்தான். விவேக் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

சிப்பில் கோளாறு என்று இப்போது பேசுகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சாவி இல்லையென்றால் அது மறுக்க வேண்டும். மறுத்தது. சாவியைப் போடாதவள் நான்.

போன வாரம் விசிறிக்கு முத்திரை தேவையில்லை என்று மாற்றிவிட்டார்களாம். விவேக்கின் மனைவி மோனிகாவிடம் யாராவது இதைச் சொல்லுங்கள். இனி அங்கே ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தெரிந்தால், அவள் எனக்கு நன்றி சொல்வாள்.