முற்றத்தில் நான் ஊற்றிய தண்ணீர்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது, கேப்டன் தம்பி. கொஞ்சம் செர்ரி ஜாம் கலந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

என் மகள் அக்லாயாவைப் பெர்ம் நகரில் தெரியாதவர் யார்? பனிச்சறுக்கு நடனத்தில் ஐரோப்பியச் சாம்பியன். மூன்று சுற்றுச் சுற்றிக் குதித்து அவள் ஒற்றைக் காலில் இறங்குவதை டிவியில் பார்த்து நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மூன்று வயதில் அவளுக்கு ஸ்கேட்டிங் பூட்ஸ் மாட்டிவிட்டவள் நான். அவள் அழுதாள். குளிரில் குழந்தைகளுக்குக் கண்ணில் நீர் வருவது இயற்கை.

"பச்சப் புள்ளயத் தூங்க விடு, ரயீசா" என்றார் அவள் அப்பா. அவர் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்கி, வாசலில் வைத்துக் கொடுத்தேன். எங்களுக்குள் சண்டை என்பதே கிடையாது.

பன்னிரண்டு வயதில் அவளுக்குப் பியானோ பைத்தியம் பிடித்தது. பியானோ நான்காம் மாடி பால்கனியிலிருந்து விழுந்தது. நான் தள்ளவில்லை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அதைப் பால்கனிக்கு நகர்த்தினேன். கைப்பிடிக் கம்பியைக் கழற்றிப் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். கீழே யாரும் இல்லை. முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிட்டேன்.

பிறகு ஒரு ஹாக்கிக்காரன் வந்தான். அவன் இப்போது விளாடிவோஸ்டோக்கில் நலமாக இருப்பதாகக் கேள்வி. அவன் கதை இந்த வழக்குக்குத் தேவையில்லை.

இந்த வழக்குக்குத் தேவை தீஹன். பல் டாக்டர். மரியாதையான பையன், சூப் குடிக்கும்போது சத்தம் வராது. உலகச் சாம்பியன் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கல்யாணம் என்றார்கள். அதோடு அக்லாயா என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: "போதும்மா. கல்யாணத்துக்கப்புறம் நான் பனியில கால் வைக்க மாட்டேன். போட்டிக்கும் வரல."

வீட்டுச் சுவரில் உலகப் பதக்கத்துக்கு ஆணி அடித்து வைத்திருந்தேன், தம்பி. ஆனால் நான் நியாயமான பெண். கல்யாணத்தை நிறுத்த நினைக்கவில்லை. ஒரு ஆறு வாரம் தள்ளிப்போனால் போதும். பல் டாக்டருக்குக் கால் எதற்கு? நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம்.

நம் ஊர்க் கல்யாண வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண்ணை மீட்க மாப்பிள்ளை வந்தால் வழிமறித்து விடுகதை போடுவோம், பாட வைப்போம், ஆட வைப்போம். சாக்லேட்டும் ஷாம்பெயினும் கொடுத்து அவன் தப்பிப்பான். நான் வழக்கத்தை மீறவில்லை. மார்ச் வெயிலில் முற்றத்துப் பனி இளகிக்கொண்டிருந்தது. அதனால் சாயங்காலம் தோறும் குழாய் வைத்துத் தண்ணீர் ஊற்றி, ராத்திரிக் குளிரில் உறைய விட்டேன். கல்யாணத்தன்று முற்றம் கண்ணாடி மாதிரி இருந்தது. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் கயிறு கட்டினேன்.

மாப்பிள்ளை புது ஷூவும் பூங்கொத்துமாக வந்தான். என் பக்கத்து வீட்டு லூபா, நான் சொல்லிக் கொடுத்தபடியே வழிமறித்தாள்.

"பொண்ணு வேணும்னா ஒரு குதி குதிச்சுக் காட்டு, மாப்ளே. சும்மா இல்ல, ஒரு சுத்து சுத்தி ஒத்தக் கால்ல எறங்கணும்."

"அக்கா, ரெண்டு டப்பா சாக்லேட் வச்சுக்குங்க. உங்க பேரப் புள்ள வரைக்கும் பல்ல ஓசியிலயே பாத்துத் தர்றேன்."

"பல்ல அப்புறம் பாக்கலாம். மொதல்ல காலப் பாப்போம்."

ஊரே சிரித்தது. அவன் பூங்கொத்தை லூபாவிடம் கொடுத்துவிட்டு, குதித்து, சுற்றி, ஒற்றைக் காலில் இறங்கினான்.

எனக்கு விளங்கவில்லை. இறங்கிய முழங்கால் மடங்கவில்லை, செல்லாது என்றேன். மறுபடி குதித்தான். இன்னும் அழகாக இறங்கினான். அப்போதுதான் லூபா என் காதில் கிசுகிசுத்தாள்: "அக்லாயாதான் சொல்லிக் குடுத்தாளாம் ரயீசா. ஒன் சமையக்கட்டுல, கம்பளி சாக்ஸ் போட்டுக்கிட்டு. இப்படி ஏதாவது நீ செய்வேன்னு அவளுக்குத் தெரியுமாம்."

என் சமையலறையில், என் முதுகுக்குப் பின்னால். மனம் நொந்துபோயிற்று. இறங்கும்போது கை விரியவில்லை, திரும்பக் குதி என்றேன். மூன்றாவது முறை அவன் விழுந்தான். ஆனால் சதைப்பிடிப்பான இடத்தில் விழுந்து, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்லாயா வெள்ளைக் கவுனோடு கீழே இறங்கி வந்தாள். கயிற்றைத் தாண்டிப் பனியில் நடந்துபோய் அவனுக்குக் கை கொடுத்தாள். "விடும்மா. நாங்க கெளம்பறோம்" என்றாள்.

அப்போது நான் "மூணு" என்றேன்.

கத்தவில்லை. பயிற்சியின்போது தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று, எத்தனை சுற்று என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்த அதே குரலில் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. "வேணாம் அக்லாயா, திரும்பிப் பாக்காத" என்றான் தீஹன். ஆனால் அவள் அவன் கையை விட்டுவிட்டாள். தோள் தானாக நிமிர்ந்தது. நாலடி பின்னால் போனாள். குதிகால் உயர்ந்த செருப்போடு, கவுனோடு, மேலே எழும்பினாள்.

அவள் கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இனி பனியில் இறங்கவே முடியாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். ஊசி மருந்தின் மயக்கமாக இருக்கும். மாவுக்கட்டு வார்டிலேயே பதிவாளரை வரவழைத்துக் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். என்னை உள்ளே விடவில்லை.

தண்ணீர் ஊற்றியது நான்தான். மாப்பிள்ளையின் காலை உடைக்க நினைத்ததும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பெற்ற மகளை நான் ஆட்டிப்படைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் என் பேச்சைக் கேட்பவளே இல்லை. நான் மூன்று என்று சொல்லியும், இரண்டே முக்கால் சுற்றுதான் சுற்றினாள்.