நட்சத்திரம் இல்லாத நோட்டீஸ்

அச்சகக்கார சக்கரவர்த்தி மேலதான் சார் தப்பு. முத வரிய பாருங்க, 'பெரனன்'னு இருக்கா? அதுக்கு முன்னால ஒரு நட்சத்திரம் இருக்கணும். இல்ல. அதுக்காக என் மாடியில குடியிருக்கிற ஜெர்மன்காரம்மா ஹெல்கா, சாயங்காலம் கூட்டத்துல பேச வரமாட்டேன்னுட்டாங்க. கீழ்பென்னாத்தூர்ல மைக் செட்டே கட்டியாச்சு... பாஞ்சாலை, சாருக்கு இன்னொரு டீ போடும்மா.

என்னை யாருன்னு நீங்க கேக்கவே இல்ல. அறுபத்தஞ்சுல மொழிக்காக ஜெயிலுக்குப் போனவன். ராமன்ற பேர ஆதவன்னு மாத்திக்கிட்டவன். கூட இருந்தவன்லாம் இப்ப கார்ல போறான். நான் நோட்டீஸ் குடுக்கிறேன்.

அந்தம்மா மொழி ஆராய்ச்சி பண்றவங்க. ஜெர்மானிய மொழிங்களுக்கெல்லாம் மூல மொழியில 'பெரனன்'னா சுமக்கிறது, புள்ள பெத்துக்கிறதும் அதேதானாம். இங்கிலீஷ்ல 'பேர்', ஜெர்மன்ல 'கெபேரன்', ஸ்வீடன்ல 'பேரா', எல்லாம் அதோட பிள்ளைங்க. ஆனா அந்தத் தாய எழுத்துல எவனும் பாத்ததில்ல. பிள்ளைங்க மூஞ்சிய வெச்சு தாய் மூஞ்சிய வரைஞ்சிருக்காங்க. அப்படி வரைஞ்சதுன்னு சொல்றதுக்குத்தான் நட்சத்திரமாம்.

அந்தத் தாயே நம்ம 'பெறு'வுக்குப் பொறந்ததுதான்னேன். சிரிச்சாங்க. இல்ல, வடமொழி 'பரதி'யும் அதுவும் ஒரே பாட்டியோட பேத்திங்கன்னாங்க. வடமொழியாம் சார். வீட்டுல இருக்கிறவங்கன்னு பொறுத்துக்கிட்டேன்.

அச்சகத்துலேர்ந்து ப்ரூஃப் வரலையான்னா? வந்துச்சு... நான்தான் பாத்தேன்.

அதுல நட்சத்திரம் இருந்துச்சு. முப்பது வருசமா நாள் நட்சத்திரம் பாக்கிறவன மேடை போட்டுத் திட்டினவன் நோட்டீஸ்ல நட்சத்திரமான்னு அடிச்சுட்டேன். அதுக்கு இன்னா அர்த்தம்னு இன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்க. அவங்க எழுதிக் குடுத்த வடமொழி வரியையும் அடிச்சேன், எடம் கம்மியா இருந்துச்சு. அந்த எடத்துல 'பெறு'வ சேத்தேன். அதுக்கு மட்டும் எடம் இருந்துச்சு. கீழ அவங்க பேரு, கொட்டை எழுத்துல.

காலையில படிச்சாங்க. கத்தல. நட்சத்திரம் எதுக்குன்னு சொன்னாங்க. "இது நான் சொன்னது இல்ல"ன்னு தமிழ்லயே சொல்லிட்டுக் கதவ சாத்திட்டாங்க. ஆறு மாசமா நான் பேசறத முழுசா கேட்டவங்க அவங்க ஒருத்தங்கதான் சார்.

அதான் பேனாவும் கையுமா இந்த டீக்கடையில உக்காந்திருக்கேன். ஐநூறு நோட்டீஸ். எல்லாத்தையும் திருத்தி மாடிக்கு எடுத்துட்டுப் போகணும். 'பெறு'வ நானே அடிச்சுடறேன். வடமொழி வரியையும் நானே எழுதிடறேன். நீங்க நட்சத்திரம் மட்டும் போடுங்க. இந்தாங்க பேனா...

சார்?

டீயக்கூட முழுசா குடிக்காம போயிட்டாரு.

பாஞ்சாலை, கைய தொடச்சிக்கிட்டு வாம்மா. தினம் கோலம் போடறியே, உனக்கு நட்சத்திரம் வரும்ல?