பின்சீட்டில் பாதி

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பேருந்தில், என் முன்சீட்டுக்காரர் காகிதம் ஒட்டிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த பெரியவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னாப்பா இது, ஜன்னலுக்கா?”

“காருக்குண்ணே. பின்சீட்டைக் கழட்டிட்டு ஸ்பீக்கர் பொட்டி வெச்சிருக்கேன். இத மேல மூடினா உள்ள லைட்டு எரியறது பளிச்சுனு தெரியும்.”

“கண்ணாடியே போடறதுதான?”

“பாட்டு அதிர்வுல ஒடைஞ்சிடும்ணே. மெல்லிசு ஷீட்டு கடகடன்னும். அதான் விழுப்புரத்துல நேம் போர்டு செய்ற கடையில தடிப்பா வாங்கினேன்.”

“வூட்டுல இருக்கறவங்க எங்க குந்துவாங்க? டாப்புலயா?”

“வூட்டுல யாரு கீறாங்க? பொங்கலுக்கு முந்தியே பொண்டாட்டி கோச்சிக்கினு அவ அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. பாப்பாவையும் இட்டுக்கினு போய்ட்டா.”

பெரியவர் ஷீட்டைச் சாணால் அளந்தார். “இது பாதி சீட்டுக்குத்தான வரும்?”

“பாதிதாண்ணே கழட்டினேன். மீதியில பாப்பா குந்தும்.”

எலவனாசூர்கோட்டையில் பேருந்து நின்றது. “அவ அம்மா வூடு இந்த ஊருதாண்ணே” என்று சொல்லி முன்சீட்டுக்காரர் வெளியே பார்த்தார். இறங்கவில்லை.

இறங்கிப் போய்க் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பேருந்து கிளம்பியது.