மூக்கில் ஏறாத கோடு

மூத்தவர்: ...காசு இருந்த கேஸை யார் உடைச்சது?

இளையவர்: நான்தான். என் கிளினிக்ல, டிரில்லை வச்சு. ஓரத்தைச் சுத்தி ஒரு கோடு போட்டேன். பிளாஸ்டிக் ரெண்டா வந்துடுச்சு.

மூத்தவர்: பல்லுல ஓட்டை போடற டிரில்... தம்பி, உள்ள இருந்தது இருநூறு வருஷத்து வெள்ளிக் காசு.

இளையவர்: அது மேல ஒரு தூசி கூட படலண்ணே. எத்தனை பேர் நாக்குக்குப் பக்கத்துல டிரில் ஓட்டியிருக்கேன். ஒரு நாக்காவது போயிருக்கா?

மூத்தவர்: விளையாடாதே. காசுக்குத் தரம் பார்த்து எங்க கம்பெனி போட்ட சீல் அது. உடைச்சா உள்ள இருக்கிற சீட்டு செல்லாது.

இளையவர்: செல்லக் கூடாதுன்னுதானே உடைச்சேன். 'துடைக்கப்பட்டது. தரம் கொடுக்க இயலாது.' இதை எழுத ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு கட்டணம்...

மூத்தவர்: உடைச்சதையும் உடைச்சுட்டு என்கிட்ட ஏன் கொண்டு வந்தே? உன் மாமனார் காசுதானே, அவர்கிட்டயே கொடு.

இளையவர்: என் மாமனாரா? உங்களுக்கு அவர் என்ன வேணுமாம்? அக்காவை நீங்க கட்டினீங்க, தங்கச்சியை நான் கட்டினேன். சகலையை விட்டுட்டு வேற எங்க போவேன்?

மூத்தவர்: ...வேற யார்கிட்டயும் காட்டலையா?

இளையவர்: காட்டினேனே. கடைத்தெருவில ரெண்டு வியாபாரி. ஒருத்தர், 'துணியே படாத காசு'ன்னார். எதிர்க் கடைக்காரர், 'நல்லாத் தேய்ச்சிருக்கு, கோடு கோடா தெரியுது பாருங்க'ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் நடுத்தெருவில நின்னு சண்டை போட ஆரம்பிச்சாங்க. நான் காசைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

மூத்தவர்: அது அப்படித்தான். துடைச்ச காசுன்னா மதிப்பே போயிடும். இந்தத் தொழில்ல பாதி நேரம் சண்டைதான்.

இளையவர்: அவங்களுக்குச் சண்டை. மாமாவுக்கு அப்படி இல்லண்ணே.

மூத்தவர்: மாமாவுக்கு என்ன?

இளையவர்: உங்களுக்குத் தெரியாதா? அண்ணி சொல்லலையா?

மூத்தவர்: ஏதோ மனசு சரியில்லைன்னு சொன்னா. நான் வேலை மும்முரத்துல...

இளையவர்: கார் சாவியை என் கையில கொடுத்துட்டார். அடுப்புப் பக்கமே போறதில்லை. காலையில தனியா நடக்கப் போவாரே, அதுவும் நின்னு போச்சு. நேத்து, 'எனக்கு ஒரு முதியோர் இல்லம் பாருப்பா, கூடவே ஆள் இருக்கிற மாதிரி'ன்னு கேட்கிறார்.

மூத்தவர்: ...ஒரு காசுக்காகவா?

இளையவர்: காசுக்காக இல்ல. அவர் என்ன சொல்றார் தெரியுமா? 'துடைச்சிருக்கேன்ப்பா, சீட்டுல போட்டிருக்கு. ஆனா எனக்குத் துடைச்ச ஞாபகமே இல்ல. இதையே மறந்துட்டேன்னா, வேற என்னத்தையெல்லாம் மறந்திருக்கேனோ?'

மூத்தவர்: அப்படியா சொன்னார்?

இளையவர்: உருக்குறதுக்குக் குவிச்சு வச்சிருந்த வெள்ளியிலேர்ந்து மாமா பொறுக்கி எடுத்த காசு அது. துணி படக் கூடாது, மூச்சு கூடப் படக் கூடாதுன்னு சொந்தப் பொண்ணுங்களையே கிட்ட விடாத மனுஷன். முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனப்ப என் கையில கொடுத்தாரே...

மூத்தவர்: நீ நடுவுல கட்டைவிரலை வச்சே. 'இவனுக்கா பொண்ணைக் கொடுக்கப் போறேன்'னு என்கிட்ட வந்து புலம்பினார்.

இளையவர்: நீங்க மட்டும் ஓரத்தைப் பிடிச்சு நல்ல பேர் வாங்கிட்டீங்க. சரி, அதை விடுங்க. ஒரு தடவை பாருங்கண்ணே. துடைச்சிருந்தா துடைச்சதுன்னு சொல்லுங்க, நான் மாமாவை மூளை ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன். துடைக்கலைன்னா அந்த மனுஷனை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்.

மூத்தவர்: எங்க ஆபீஸ்ல ஏற்கெனவே பார்த்தாச்சுப்பா.

இளையவர்: யார் பார்த்தது?

மூத்தவர்: அது சொல்லக் கூடாது. காசோட பேர் வராது, நம்பர்தான் வரும். யாரோ ஒருத்தர் பார்த்திருப்பார்.

இளையவர்: அந்த யாரோவை விடுங்க. நீங்க பாருங்க.

மூத்தவர்: ...திரைச்சீலையை இழு. அந்த லேம்ப்பை இப்படித் தள்ளு. இன்னும் கீழே. ம்.

இளையவர்: ஓரத்துல ஊதாவா இருக்கே, அது அழுக்கா?

மூத்தவர்: வெள்ளிக்கு வயசானா வர்ற நிறம். ஆனா அதை மட்டும் நம்ப முடியாது. துடைச்சுட்டு மறுபடியும் நிறம் ஏத்தற கில்லாடிங்க இருக்காங்க. இங்க பாரு, காசைச் சாய்க்கிறேன். வெளிச்சம் என்ன பண்ணுது?

இளையவர்: ஓடுது. சுத்தி வருதுண்ணே... நீங்க திருப்பத் திருப்பக் கூடவே உருண்டு வருது.

மூத்தவர்: ம்.

இளையவர்: இத்தனை வருஷம் இந்தக் காசு மாமா வீட்டுல இருந்துச்சு. இப்படி ஒரு வெளிச்சம் இதுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாதே.

மூத்தவர்: துடைச்ச காசுல இப்படி உருளாது. அங்கங்க அறுந்து நிக்கும்... ஆனா கோடு இருக்கே. காசுல இருக்கிற பொண்ணு முகத்துக்கு முன்னால, சாய்வா, எல்லாம் ஒரே பக்கமா. துணி போன தடம்தான் அது. அதை வச்சுத்தான்... அதை வச்சுத்தான் எழுதியிருப்பாங்க.

இளையவர்: பூதக்கண்ணாடியை என்கிட்ட கொடுங்க. நானும் தினமும் பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பல்லைப் பார்க்கிறவன்தான்.

மூத்தவர்: பாரு. ஓரத்தைப் பிடி.

இளையவர்: தெரியும், தெரியும்... ஆமா, கோடு இருக்கு. முடியை விட மெல்லிசா. அண்ணே, இது மூக்கு மேல ஏறலையே.

மூத்தவர்: என்னது?

இளையவர்: அந்தப் பொண்ணு முகத்துக்கு முன்னால வருது. மூக்கு நுனிகிட்ட வந்து நின்னுடுது. பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்கிறவங்க பல்லைப் பார்த்திருக்கேன். எது தூக்கலா இருக்கோ, அதுதான் முதல்ல தேயும். துணியும் அப்படித்தானே? மூக்கை விட்டுட்டு, கன்னத்தை விட்டுட்டு, சுத்தியிருக்கிற தட்டையான தரையை மட்டும் எப்படித் துடைக்கும்?

மூத்தவர்: ...கொடு இங்க.

இளையவர்: என்னண்ணே?

மூத்தவர்: பேசாம இரு... எழுத்து மேலயும் ஏறல. எழுத்துக்கு இந்தப் பக்கம் நிக்குது, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்குது. லேம்ப்பை இடது பக்கம் கொண்டு போ. மெதுவா... அங்க நிறுத்து.

இளையவர்: நிறுத்திட்டேன். என்ன தெரியுது?

மூத்தவர்: கோட்டுல லேம்ப் இருக்கிற பக்கம் வெளிச்சம். அந்தப் பக்கம் நிழல். கீறலா இருந்தா இது தலைகீழா இருக்கணும். தம்பி, இது பள்ளம் இல்ல. மேடு. கோடு ஒவ்வொண்ணும் எழும்பி நிக்குது.

இளையவர்: துடைச்சா எப்படி மேடு வரும்?

மூத்தவர்: வராது. காசு பிறந்தப்பவே வந்தது. காசு அடிக்கிற அச்சுல எல்லாம் எதிர்மாறா இருக்கும். இந்த முகம் அச்சுல ஒரு குழி. அச்சைக் கல்லால தேய்ச்சு மெருகு போடுவாங்க. குழிக்குள்ள கல் போகாது, சுத்தியிருக்கிற தரையிலதான் படும். அங்க விழுந்த கீறல் காசுல இப்படி மேடா வந்து நிக்குது. அதான் மூக்குல ஏறல.

இளையவர்: அப்ப தேய்ச்சது மாமா இல்ல...

மூத்தவர்: இருநூறு வருஷத்துக்கு முன்னால ஒரு ஆள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. கல்லைக் கையில வச்சுக்கிட்டு அச்சு மேல குனிஞ்சிருக்கான். அவன் கை சாஞ்ச சாய்வு அப்படியே இருக்கு பாரு. இங்க அழுத்தியிருக்கான், இங்க லேசா விட்டிருக்கான்.

இளையவர்: எனக்குப் புல்லரிக்குதுண்ணே.

மூத்தவர்: இன்னும் கேளு. காசு அடிக்க அடிக்க அச்சு தேயும், இந்தக் கோடும் மறைஞ்சுடும். இவ்வளவு தெளிவா நிக்குதுன்னா, மெருகு போட்ட கையோட விழுந்த காசு இது. அதுக்கப்புறம் ஒரு துணி இது மேல படல. ஒரு துணி பட்டிருந்தாக் கூட இந்த மேடெல்லாம் மழுங்கியிருக்கும். எத்தனை ஆயிரம் காசு பார்த்திருக்கேன்... இப்படி இன்னொண்ணை நான் கையில பிடிச்சதில்ல.

இளையவர்: அப்ப மாமா சொன்னது...

மூத்தவர்: அத்தனையும் உண்மை. அவர் எதையும் மறக்கல.

இளையவர்: ...இருங்க. கண்ணைத் துடைச்சுக்கிறேன். காசைத்தான் துடைக்கக் கூடாது.

மூத்தவர்: போனைப் போடு. நான் பேசறேன்... இல்ல, வேணாம். நேர்ல போகலாம். சட்டை மாத்திக்கிட்டு வர்றேன். முதல்ல நீ உட்காரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

இளையவர்: சொல்லுங்க.

மூத்தவர்: பேர் வராது, நம்பர்தான் வரும்னேன் இல்லையா. அது நிஜம்தான். ஆனா தட்டுல வந்து விழுந்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. அந்த ஊதாவைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? எழுந்து போய் வேற ஒருத்தர்கிட்ட கொடுத்திருக்கணும். கொடுக்கல. மாமனார் காசுன்னு சலுகை காட்டிட்டான்னு யாரும் வாயைத் திறந்துடக் கூடாதேன்னு விறைப்பா உட்கார்ந்தேன். வேற யார் காசா இருந்தாலும் பூதக்கண்ணாடியை எடுத்திருப்பேன், இதுக்கு எடுக்கல. கோட்டைப் பார்த்தேன், எழுதிட்டேன். அந்த யாரோ... நான்தான்.

இளையவர்: தெரியும்ணே. சீட்டு வந்ததுலேர்ந்து நீங்க வீட்டுப் பக்கமே வரலையே. மாமாதான் முதல்ல கண்டுபிடிச்சார். வேற எவனாவது எழுதியிருந்தா உங்க ஆபீஸ் வாசல்லயே நின்னு சண்டை போட்டிருப்பார். 'எழுதினது பெரிய மாப்பிள்ளை. அவர் கண்ணு தப்பாது, என் புத்திதான் தப்பிடுச்சு'ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.