கைவண்ணம்

தக்காளி வாங்க என்னை யாரும் அனுப்புவதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அனுப்பினார்கள். நானும் கூடையைக் கிளறி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியானவையாகப் பொறுக்கி வந்தேன். பையைக் கவிழ்த்த என் மனைவி, "என்னங்க, பழம் வாங்கிட்டு வரச் சொன்னா காய வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்று சிரித்தாள். கெட்டியாக இருந்தால் நாலு நாள் தாங்கும் என்றேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின.

நீங்கள் எங்கள் பட்டறைக்கு வந்து விசாரித்தபோது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவன் நான் என்று சொன்னார்கள். அது உண்மைதான். பிறவியிலேயே அப்படி. ஆனால் அதை வைத்து நீங்கள் எடுத்த முடிவு தவறு. அதைச் சொல்லத்தான் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டு வந்தேன். என் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும்.

எஃகுத் தகட்டில் கலர்ப் படம் என்றால் பெயின்ட் அடிப்பது என்று நினைக்கிறார்கள். அங்கே பெயின்டும் கிடையாது, மையும் கிடையாது. லேசர் கதிர் தகட்டைச் சுடுகிறது. சுட்ட இடத்தில், பாலில் ஆடை படர்கிற மாதிரி, மிக மெல்லிய தோல் ஒன்று படர்கிறது. அந்தத் தோலின் தடிமன்தான் நிறம். மழைத் தண்ணீரில் வண்டி எண்ணெய் மிதக்கும்போது பல நிறம் தெரியுமே, அதே கதைதான். எண்ணெயிலும் நிறம் இல்லை, தண்ணீரிலும் இல்லை. தோல் மெல்லிசாக இருந்தால் வைக்கோல் மஞ்சள். கொஞ்சம் தடித்தால் பொன்னிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். அதையும் தாண்டிப் போனால் ரோஜா நிறம், அதை ஒட்டினாற்போலவே பச்சை.

கதிரின் வேகம், பலம், கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள நெருக்கம், லென்சுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம். இவற்றைப் பிடித்துவிட்டால் நிறம் சொன்ன பேச்சைக் கேட்கும். அதாவது நிறம் என்பது வெறும் எண். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கிடைத்த நிம்மதியை உங்களுக்குப் புரியவைக்க முடியாது. அதுவரை குழாய்களிலும் வால்வுகளிலும் கறுப்பு எழுத்துப் பொறித்துக்கொண்டிருந்தேன். இருந்ததையெல்லாம் போட்டு நல்ல இயந்திரம் ஒன்று வாங்கினேன். தகடு தகடாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டுப் பார்த்தேன்.

எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று மட்டும் பிறரைக் கேட்க வேண்டியிருந்தது. அங்கேதான் பொறுமை போயிற்று. ஒரே கட்டத்தைக் காட்டினால் கூரியர்காரர் "ரோஸ்" என்பார். பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் "வெங்காயத் தோல் கலர்" என்பார். மாடிவீட்டு டீச்சர், "இது ஊதாதானே?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். பார்க்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்ல வேண்டியவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. எண்களை அடுக்கி அடுக்கி மனப்பாடம் செய்தேன். வீட்டுப் பெயர்ப் பலகை, கேடயம், குழந்தைகளின் படம் என்று வேலை வர ஆரம்பித்தது. "உங்க கைவண்ணமே தனி" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அன்று நான் சாப்பிடாமலே தூங்கப்போனேன். வயிறு நிறைந்திருந்தது.

பிறகுதான் என் மச்சினன் வந்து சேர்ந்தான். என் மனைவியின் தம்பி. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கடையில் வேலை பார்த்தவன். கதவில் ஒரு கீறல் விழுந்தால், பழைய பெயின்ட்டோடு புதுப் பெயின்ட் இம்மி பிசகாமல் ஒத்துப்போகும்படி கலந்து கொடுப்பான். அந்தப் புகையில் மூச்சுத் திணறல் வந்து, டாக்டர் வேலையை விடச் சொல்லிவிட்டார். "தம்பிய நம்ம பட்டறையில வச்சுக்கலாமே" என்றாள் மனைவி. எனக்கும் ஆட்சேபணை இல்லை. நல்லவன். சிரித்த முகம். ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை.

அவன் வந்தபின் வேலை பெருகியது. எண்களைச் சொல்லிக்கொடுத்தேன், அவன் மண்டையில் ஏறவில்லை. தகட்டைப் பார்த்து, "மாமா, கன்னத்துக்குக் கொஞ்சம் சூடு கொறைச்சலா இருந்தா நல்லாருக்கும்" என்பான். எதைக் குறைக்க வேண்டும் என்று தெரியாது, ஆனால் குறைக்க வேண்டும் என்று தெரியும். எனக்கு எரிச்சலாக வரும். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்ததுபோல எதையோ சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். தகடுகளைத் துடைத்துக் கட்டி அனுப்புகிற வேலையை அவனிடம் விட்டிருந்தேன். வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள். மெச்சியது என்னைத்தான் என்று நம்பினேன்.

ஒருநாள் மச்சினனுக்குக் காய்ச்சல். கழிவுத் தகட்டு மூட்டையை நானே பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அம்மா மூட்டையைக் கொட்டினார். நறுக்குத் துண்டுகளுக்கு நடுவே முழுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். எல்லாம் நான் பொறித்து, வாடிக்கையாளருக்குப் போய்விட்டதாக நினைத்திருந்த முகங்கள்.

"முழுசு முழுசா ஏன் சார் தூக்கிப் போடுறீங்க? உங்க மச்சினன் வந்தாலும் இப்படித்தான் கொண்டாந்து கொட்டுறாரு" என்றார் அந்த அம்மா.

ஒரு குழந்தைப் படத்தை எடுத்து, "இதுல என்னம்மா குறை?" என்று கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "குறையா? புள்ளைக்கு மூஞ்சி பச்சையா இருக்கு சார். பாசி புடிச்ச மாதிரி."

தகடு லேசாக வளைந்திருந்தால் போதும், லென்சுக்கான தூரம் மாறிவிடும், தோல் ஒரு இழை தடித்துவிடும், ரோஜா பச்சையாகிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? என் கண்ணுக்கு அது அருமையான கன்னமாகத்தான் இருந்தது. தகடுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் போடுற தகட்டையெல்லாம் உன் தம்பி மறுபடியும் போடுறானா?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. "எல்லாத்தையும் இல்லங்க. தப்பா வந்தத மட்டும். நீங்க வீட்டுக்கு வந்த பொறகு, நெறம் சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாப்பான்."

"யாரு சொல்லி?"

"நான்தான் சொன்னேன். நீங்க மனசு ஒடஞ்சு போயிடக் கூடாதுன்னு. எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்…"

சரி என்றேன். அவள் மடித்து வைத்த துணியை அலமாரியில் அடுக்கினேன்.

காய்ச்சல் தெளிந்து மச்சினன் வந்தான். அக்கா சொல்லியிருந்தாள் போலும். என் தோளில் கை போட்டு, "மாமா, இனிமே நமக்குள்ள ஒளிவு மறைவு வேண்டாம். நான் இருக்கேன்ல, நான் உங்களுக்குக் கண்ணா இருக்கேன்" என்றான். மனப்பூர்வமாகத்தான் சொன்னான். மாதிரிக் கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு, பச்சை என்று அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டினான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒட்டுவதுபோல. நான் நன்றி சொன்னேன்.

ஒருவன் என்னை ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம். திருடியிருந்தால் விரட்டலாம். என்னைத் தாங்கிப் பிடிக்கிறவனை நான் என்ன செய்வது? இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன். தனியாக வேறு கடை வைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "உங்கள இந்த நெலமையில விட்டுட்டு எங்க மாமா போவேன்?" என்று சிரித்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு பள்ளிக்கூடம், தங்கள் முதல் தலைமையாசிரியையின் படத்தைப் பெரிய தகட்டில் கேட்டது. பேச வந்தவர்கள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்து, "இன்னொரு நாற்காலி கெடைக்குமா?" என்றார்கள். கொண்டுவந்து போட்டேன்.

பெரிய தகடு இயந்திரத்துக்குள் அடங்காது. மூடியைத் திறந்து வைத்து, பகுதி பகுதியாக நகர்த்திப் பொறிக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் கதிர் தானாக நின்றுவிடும்படி ஒரு பொத்தான் உண்டு. அதைச் செயலிழக்கச் செய்துதான் பெரிய வேலைகளைப் பார்ப்போம். அது அவனுக்கும் தெரியும். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறித்தாலும் தெரியாது. அதற்காகத்தான் தனிக் கண்ணாடி போடுவோம். என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று.

கடைத்தெருவில் அதே மாதிரிச் சட்டத்தில் சாதாரணக் கண்ணாடி கிடைக்கிறது. தூசிக்குப் போடுவது. ஒன்று வாங்கி வந்தேன். வேலை தொடங்கிய அன்று அதை அவனிடம் கொடுத்தேன்.

மாட்டிப் பார்த்து, "என்ன மாமா, இது செவப்பா இருக்கு? நம்மளது பச்சையால்ல இருக்கும்?" என்றான்.

"பழசுல கீறல் விழுந்துடுச்சு. இது புதுசு."

"சரி மாமா."

அவ்வளவுதான் கேட்டான். நிறத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டு, நான் விளக்கம் சொல்லி, அவன் ஏற்றுக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

நிறம் எழும்பி வருவதை அவன் குனிந்து, கிட்டே போய்ப் பார்ப்பான். அது அவன் வழக்கம். தகட்டின் ஒரு ஓரத்துக்கடியில் மட்டும் மெல்லிய அட்டை ஒன்றைச் செருகி வைத்தேன். கதிர் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது எளிய கணக்கு. முதல் நாள் சாயங்காலம் வலது கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "கண்ணுக்குள்ள ஏதோ பொட்டு மாதிரி நிக்குது மாமா. சரியாத் தூங்கல போல" என்றான். வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று அனுப்பினேன். இடது கண் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அட்டையை மறுபக்கம் மாற்றினேன்.

அவன் கத்தவில்லை. "மாமா, கரென்ட் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான் அவனைக் குருடாக்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். நடக்கிறான், கதவு தெரிகிறது, தட்டு தெரிகிறது. பார்வையின் நடுப்பகுதி மட்டும்தான் போயிற்று. எதை நேராகப் பார்த்தாலும் அது மறைந்துவிடும். நிறத்தைப் பிரித்துச் சொல்வது அந்த நடுப்பகுதிதான் என்று கண் டாக்டர் படம் போட்டு விளக்கினார். நான் முன்பே படித்திருந்தேன். தேவைக்கு அதிகமாக நான் எதையும் எடுக்கவில்லை. குழந்தையின் முகம் தெரியவில்லை என்று அவன் அழுதபோது, குரலை வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று சொன்னேன். நான் எண்களை வைத்துப் பழகிக்கொள்ளவில்லையா?

பிறகு நீங்கள் வந்தீர்கள். இரண்டு கண்ணாடிகளையும் மேசைமேல் வைத்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்: "மாமாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். அவருக்குப் பச்சையும் செவப்பும் தெரியாது. தெரியாம மாறிப் போச்சு. ஏற்கெனவே நொந்து போயிருக்காரு, அவர எதுவும் கேக்காதீங்க." என் மனைவியும் அழுதுகொண்டே தலையாட்டினாள். நீங்கள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தீர்கள். தவறுதலாக நடந்த விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள்.

இப்போது தெருவுக்கே தெரியும். பூட்டுக்கடைக்காரர், "உன் கண்ணு பண்ணுன தப்புக்கு நீ என்னப்பா செய்வ?" என்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆறுதல் சொல்ல வந்தார்கள். என் மச்சினன் தட்டுத்தடுமாறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கலங்காதீங்க மாமா" என்கிறான். நான் செய்த தகடுகளைத்தான் எனக்குத் தெரியாமல் திருத்திக்கொண்டிருந்தான் என்று பார்த்தால், இதையும் திருத்திவிட்டான். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிப் பொறுப்பது?

மனம் உறுத்தி வந்திருக்கிறேன் என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால் அதுவும் தவறுதான். நல்ல கண்ணாடியில் காதில் மாட்டும் பட்டையின் உட்புறம் பொடி எண்கள் பொறித்திருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். மற்றதில் கிடையாது. அந்த இரண்டு நாளும் இரண்டையும் தடவிப் பார்த்துத்தான் ஒன்றை நான் மாட்டிக்கொண்டு மற்றதை அவனிடம் கொடுத்தேன். இரண்டு நாளிலும் எனக்கு ஒருமுறைகூட மாறிப்போகவில்லை, ஐயா. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.