மீன் கேட்ட பிள்ளை

சாயங்காலம் ஆறே முக்கால்... இருட்டு இன்னும் முழுசா இறங்கல. விளக்கே இல்லாத ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் பூட்டு துருப்பிடிச்ச பழைய குடோன். ஒரு மனுஷன் தனியா சைக்கிள்ல வர்றாரு. ஹேண்டில்பார்ல மீன் பை தொங்குது.

இரு, இரு, யாருன்னு சொல்றேன். என்கூட ஆஸ்பத்திரியில வேலை பாத்தாளே ஒரு நர்ஸ், நெட்டச்சி... அவளோட சித்தப்பா. பொய்னு தோணுச்சுன்னா போய் அவளையே கேட்டுக்கோ. அந்த மெழுகுவத்தியை இந்தப் பக்கம் நகத்து. நடுவுல எவளாவது சிரிச்சீங்க, கதையை இப்படியே விட்டுட்டுப் படுத்துடுவேன், ஆமா.

சித்தப்பாவுக்கு மரக்கடையில வேலை. சர்ச்சுல பாஸ்டர் வெளியூர் போனா இவருதான் பிரசங்கம். ஊர்ல பேரே பாம்பு பிரசங்கியார்! பைபிள்ல எங்கெங்க பாம்பு வருதோ அத்தனையும் மனுஷனுக்கு அத்துப்படி. "ஏவாள்கிட்ட நைசா பேசிக் கவுத்தது யாரு? பாம்பு. சாபம் வாங்கி வயித்தால ஊருறது யாரு? பாம்பு. அப்ப அது கெட்டதுன்னு முடிச்சிடலாமா? வனாந்தரத்துல கடிபட்டவன் பாத்துப் பிழைக்கட்டும்னு மோசே கம்பத்துல தூக்கி வெச்சானே, அது என்ன? அதுவும் பாம்புதான்யா!" பாம்பு மாதிரி சூதானமா இருங்கன்னு இயேசுவே சொன்னதையும் விடமாட்டாரு. பல்லி, ஓணான் தீட்டுன்னு எழுதியிருக்கே, அதுக்குத் தனியா கால்மணி நேரம். பசங்க வாயைப் பொளந்து கேக்கும்.

முடிக்கும்போது மட்டும் எப்பவும் ஒரே கேள்வி. "புள்ள மீன் கேட்டா எந்த அப்பனாவது பாம்பைக் கொடுப்பானா?" சபை மொத்தமும் கத்தணும்... "மாட்டான்!" சத்தம் பத்தலைன்னா, "என்னய்யா, யாரும் சாப்பிடலையா?"ன்னு மறுபடி கேப்பாரு.

அவருக்கு ஒரே பொண்ணு. ஒரு லாரி டிரைவரோட போயிட்டா. அவன் நட்டாத்துல விட்டுட்டான். பாவம், வேற எங்க போவா? ஒருநாள் பொழுது சாயுற நேரம் வீட்டுக்கு வந்தா. அவரு பொண்டாட்டி, அதான் சித்தி, மீனை வறுத்து மூடி வெச்சிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கா. முன் ரூம்ல சபைப் பெரிய மனுஷங்க. சித்தப்பாவையும் தங்களை மாதிரி சபை மூப்பராக்கலாமான்னு பேச வந்தவங்க. அந்த நேரம் பாத்துப் பின்வாசல் கதவைத் தட்டுற சத்தம்...

திறந்தாரு. பொண்ணு நிக்கிறா. கால்ல செருப்பில்ல. கன்னம் ஒட்டிப் போயிருக்கு.

"அப்பா... பசிக்குதுப்பா. மீன் வாசனை வருதே. ஒரே ஒரு துண்டு குடுங்கப்பா..."

கையை நீட்டுறா.

பெத்தவன் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க. இந்த மனுஷன் முன் ரூமைத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் பல்லைக் கடிச்சிக்கிட்டு, "போடி, விரியன் பாம்புக் குட்டி"ன்னாரு. வசவு கூட வேதத்துலேருந்துதான்! இவ குட்டின்னா அப்பன் யாருன்னு அப்ப உறைக்கல. கதவைச் சாத்தினாரு. பட்டுன்னு கூட இல்ல... சத்தமே வராம, மெதுவா. "யாருங்க?"ன்னு உள்ளேருந்து கேட்டாங்க.

"பூனை"ன்னாரு.

மறுநாள் அந்தப் பழைய குடோன்ல அவளைக் கண்டெடுத்தாங்க. ராத்திரி அங்க ஒதுங்கியிருக்கா. பாம்பு கடிச்சிருக்கு. கடி எங்க தெரியுமா... உள்ளங்கையில.

சித்தி விழுந்து புரண்டு அழுதா. "என்கிட்டதானே வந்துக்கிட்டு இருந்திருக்கா! வீடு வந்து சேந்திருந்தா என் புள்ள பிழைச்சிருப்பாளே..." இவரு பக்கத்துலயே நிக்கிறாரு. வாயைத் திறக்கல. வெக்கம். அன்னைக்கு ஊருக்கு முன்னாடி வெக்கப்பட்டாரு, இப்ப பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்க வெக்கம். சொன்னா இவ நம்மளை மனுஷனா மதிப்பாளா... அந்த ஒரு எண்ணம்தான். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளித் தள்ளி, நாள் ஓடிப் போச்சு. இதுக்கு நடுவுல மூப்பரும் ஆயிட்டாரு. நல்லா இருக்கில்ல?

சரி, இப்ப அந்த ரோட்டுக்கு வா. சைக்கிள் குடோன் பக்கத்துல வருது. திடீர்னு... மீன் வறுக்கிற வாசனை. சுத்துவட்டாரத்துல ஒரு வீடு கிடையாது. எண்ணெய் சொய்ய்ய்னு பொரியுற சத்தம், காதுக்குப் பக்கத்துல. ஹேண்டில்பார் ஒரு பக்கமா இழுக்குது. பை கனக்குது... உள்ள ஏதோ புரளுது. துள்ளல, கேட்டுக்கோ. வளைஞ்சு வளைஞ்சு, சாவகாசமாப் புரளுது. செத்த மீன் அப்படிப் புரளுமா? அப்படியே பையை வாய்க்கால்ல வீசிட்டு மிதிச்சாரு பாரு மிதி!

"மீன் எங்கங்க?"ன்னா சித்தி. "கிடைக்கல"ன்னுட்டாரு.

அந்த ஞாயித்துக்கிழமை பிரசங்கம். ஏவாள் வந்தாச்சு, மோசே வந்தாச்சு. கேள்விக்கு வந்தாரு. "பாம்பைக் கொடுப்பானா?" சபை கத்துச்சு, "மாட்டான்!" எல்லாம் அடங்குச்சு. அப்ப... கடைசி பெஞ்சுலேருந்து ஒரே ஒரு குரல். கத்தல. சும்மா, வீட்ல பேசுற மாதிரி.

"குடுத்தாரே..."

ஒருத்தரும் திரும்பல. யாருக்கும் கேக்கல போல. சித்தியைப் பாத்தாரு. முன் வரிசையில அவ தலையைக் குனிஞ்சபடி உக்காந்திருக்கா. இவரு பைபிளை மூடினாரு. அப்படியே மேடையில உக்காந்துட்டாரு. சுகர் இறங்கிடுச்சுன்னு யாரோ தண்ணி கொண்டு வந்தாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் முடிவு பண்ணிட்டாரு. இனிமே மறைக்க முடியாது. சித்தி அடுப்புகிட்ட நிக்கிறா, முதுகு இவரு பக்கம். வாசப்படியில நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. புள்ள வந்தது, கேட்டது, இவரு சொன்ன வார்த்தை... பூனைன்னு சொன்னது வரைக்கும். சின்னப் புள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதாராம். "நான் அப்பனே இல்லடி. என் மூஞ்சில காறித் துப்பு."

சித்தி திரும்பல. சட்டியில மீனைப் புரட்டிப் போட்டா.

"தெரியும்"னா.

"எ... எப்படி?"

"அவதான் சொன்னா. விளக்கு வெச்சதும் தினம் வர்றாளே. அப்பா வாயால வரட்டும்மா, நீயா கேக்காதேன்னா. நாங்க ரெண்டு பேரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்."

நாற்காலியை இழுத்து உக்காரப் போனாரு. சித்தி சட்டுன்னு அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினா.

"அங்க உக்காராதீங்க. அவ முதல்ல சாப்பிட்டு முடிக்கட்டும்... அப்புறம் உங்களுக்குப் போடுறேன்."